ஆங்கிலத்தில் ஒலிக்குறிப்பு வினைகள்: ஒரு வரலாறு

ஓர் ஒலியைப் போலவே தானும் ஒலித்து, அந்த ஒலி எழுவதையே ஒரு செயலாகச் சொல்லும் வினைச்சொல்லை ஒலிக்குறிப்பு வினை என்கிறோம். பாம்பின் சீறலுக்கு ஆங்கிலத்தில் 'ஹிஸ்', சங்கிலியின் கலகலப்புக்கு 'ரேட்டில்', நீர் தெறிப்பதற்கு 'ஸ்ப்ளாஷ்', காதோடு பேசுவதற்கு 'விஸ்பர்' என்று வழங்கும் சொற்கள் இவ்வகையின. தேனீயின் இரைச்சலைக் குறிக்கும் 'பஸ்' என்ற வினையும் இதில் அடங்கும். தமிழ் எழுத்தில் அதை எழுதினால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. அச்சொல்லின் இறுதியில் வரும் அதிர்வொலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததே காரணம். அந்த அதிர்வில்தான் தேனீயே இருக்கிறது.

இத்தகைய சொல்லாக்கத்தை ஆங்கிலத்தில் 'ஒனொமட்டொபியா' என்பர். பெயர் எனப் பொருள்படும் 'ஓனொமா', ஆக்குதல் எனப் பொருள்படும் 'பொயேயின்' என்ற இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை இது. ஜார்ஜ் புட்டன்ஹாம் எழுதியதாகக் கருதப்படும், 1589ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலக் கவிதைக் கலை நூல் இந்தக் கிரேக்கப் பெயர் மக்கள் வாயில் நுழையாது என்று எண்ணியதோ என்னவோ, இதற்குப் 'புதுப்பெயர் இடுபவன்' என்ற பொருளில் ஓர் ஆங்கிலப் பெயரைச் சூட்டியது. அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

புட்டன்ஹாம் இதனைக் கவிதையின் அணிகளுள் ஒன்றாக வைத்தார். இன்றும் நம் பள்ளிகளில் ஆங்கிலப் பாடநூலின் செய்யுள் பகுதியில்தான் மாணவர்கள் இதனைச் சந்திக்கிறார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக அதன் பெயரை எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதே மாணவர் கட்டுரை எழுதும்போது, கதவு சத்தம் போட்டது, பேருந்து சத்தத்துடன் போனது, அவன் மெதுவான குரலில் சொன்னான் என்று நீட்டி எழுதுவார். இவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் உண்டு. ஆங்கிலேயர் அதைக் கவிதைக்காக எடுத்து வைத்திருக்கவில்லை. கடிதத்திலும் செய்தித்தாளிலும் புகார் மனுவிலும் அதைத்தான் எழுதுகிறார்கள். இச்சொற்களை அணியாகப் பார்ப்பதைவிட அன்றாட வினைகளாகப் பார்ப்பதே அவற்றின் வரலாற்றுக்குப் பொருந்தும்.

பழைய ஆங்கிலத்தில்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலேயே இவ்வினைகள் நிறைந்திருந்தன. விரிசல் ஒலிக்குக் 'க்ரகியன்', சேவல் கூவுவதற்குக் 'க்ராவன்', கிசுகிசுப்பதற்கு 'ஹ்விஸ்ப்ரியன்' என்று வழங்கின. இன்றைய 'க்ராக்', 'க்ரோ', 'விஸ்பர்' ஆகியவை இவற்றின் வழிவந்தவை. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டளவில் எல்ஃப்ரிக் என்ற துறவி, இலத்தீன் கற்கும் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் ஓர் இலக்கண நூல் எழுதினார். அதில் 'ஹஹ', 'ஹெஹெ' ஆகிய இரண்டும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் சிரிப்பைக் குறிக்கும் என்று ஒரு குறிப்பு வருகிறது. இன்று கைப்பேசியில் நண்பருக்கு அதையே தட்டி அனுப்பும் இளைஞருக்கு, அது ஒரு மடத்து வகுப்பறையில் பாடமாக நடத்தப்பட்ட செய்தி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சிரிப்பைக் குறிக்கும் 'லாஃப்', இருமலைக் குறிக்கும் 'காஃப்' ஆகிய இரு சொற்களின் எழுத்துக்கூட்டு ஆங்கிலம் கற்கும் எல்லாப் பிள்ளைகளையும் குழப்புவது. ஃப் என்று ஒலிக்கும் இடத்தில் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. இவை வீண் எழுத்துகள் அல்ல. ஒரு காலத்தில் அந்த இடத்தில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலி இருந்தது. சிரிப்பு என்பதன் பழைய வடிவமான 'ஹ்லெஹ்ஹன்' என்பதைச் சொல்லிப் பார்த்தால் மூச்சு இருமுறை வெளியே தள்ளப்படுவதை உணரலாம். ஜெர்மானியர் இன்றும் 'லாஹென்' என்று தொண்டையிலிருந்தே சிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தத் தொண்டையொலி மறைந்து, சில சொற்களில் ஃப் ஆக மாறியது. ஒலி போனபின் அதன் தடம் மட்டும் எழுத்தில் புதைபடிவம்போல் தங்கிவிட்டது. இதை ஒருமுறை விளக்கிவிட்டால் பிள்ளைகள் அந்த எழுத்துக்கூட்டை மறப்பதில்லை.

தும்மலின் கதை இன்னும் சுவையானது. இன்று தும்முவதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்னீஸ்' என்பர். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ஃப், ன் ஆகிய இரு மெய்களுடன் தொடங்கியது. 1400இல் மறைந்த கவிஞர் சாசரும் 'ஃப்னீசன்' என்னும் பழைய வடிவத்தின் வழியிலேயே எழுதினார். அதன்பின் இந்த ஃப்ன் தொடக்கம் ஆங்கிலத்தில் அருகிப் போயிற்று. அக்காலக் கையெழுத்திலும் தொடக்ககால அச்சிலும் எஸ் எழுத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று உண்டு. அது எஃப் எழுத்தைப் போலவே இருக்கும். குறுக்குக் கோட்டில் மட்டுமே சிறு வேறுபாடு. பழக்கமில்லாத எஃப்பைப் பழக்கமான நீண்ட எஸ்ஸாக மக்கள் படித்துவிட்டார்கள் என்பது அறிஞர் பலரின் விளக்கம். குறட்டை, உறிஞ்சல் போன்ற மூக்குச் செயல்களைக் குறிக்கும் சொற்கள் ஏற்கெனவே 'ஸ்ன்' என்று தொடங்கியதும் இதற்குத் துணை செய்திருக்கும். எப்படியாயினும் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஸ்னீஸ்' வடிவம் தலைகாட்டியது. பழைய சொல்லைவிடப் புதிய சொல்லே உண்மைத் தும்மலுக்கு நெருக்கமாக இருப்பதால் எவரும் அதைத் திருத்தவில்லை.

இடைக்காலமும் உயிரொலி மாற்றமும்

ரெடிங் மடத்தோடு தொடர்புடைய 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில் 'சுமர் இஸ் இகூமன் இன்' என்ற பருவப் பாடல் உள்ளது. இப்போது அது இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. ஆட்டுக்குட்டியைத் தேடித் தாய் கத்துவதையும் கன்றை நினைத்துப் பசு கதறுவதையும் தனித்தனி ஒலிக்குறிப்பு வினைகளால் அது சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மற்றொரு கவிதை, இரவெல்லாம் சம்மட்டி அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் கொல்லர்களைத் திட்டுகிறது. பட்டறையின் ஒவ்வோர் அடியையும் சொல்லாலேயே அது அடித்துக் காட்டுகிறது. அண்டை வீட்டு இரைச்சல் பற்றிய புகார் மனு என்றே அதைக் கொள்ளலாம்.

இதன்பின் ஒரு பெரிய இடையூறு வந்தது. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 18ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. இதனை மொழியியலார் பெரும் உயிரொலி மாற்றம் என்பர். குழல் ஊதுவதைக் குறித்த சொல் முன்பு 'பீப்' என்ற நெடிலோடு ஒலித்தது. குழலின் ஒலி அதில் இருந்தது. மாற்றத்துக்குப் பின் அது 'பைப்' ஆயிற்று, குழலொலி போய்விட்டது. கோழிக்குஞ்சின் கீச்சொலியைக் குறிக்க இன்று 'பீப்' என்ற வேறொரு சொல் வழங்குகிறது. ஆடு கத்துவதைக் குறிக்கும் சொல்லில் முன்பு நீண்ட ஏகாரம் போன்ற ஒலி இருந்தது. இன்று அது 'ப்ளீட்'. ஆடு தன் கத்தலை மாற்றிக்கொள்ளவில்லை.

கிரேக்கத்திலும் இதுவே நேர்ந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகாசிரியர் கிராட்டினஸ், ஆட்டின் கத்தலை இரண்டு எழுத்துகளில் எழுதினார். இன்றைய கிரேக்க உச்சரிப்பில் அவற்றைப் படித்தால் 'வீ' என்று வரும். எந்த ஆடும் அப்படிக் கத்தாது. எனவே பண்டைக் காலத்தில் அது 'பே' என்றே ஒலித்திருக்க வேண்டும் என அறிஞர்கள் முடிவு செய்தனர். ஒரு மொழியின் பழைய உச்சரிப்புக்கு ஆடு சாட்சி சொன்ன வழக்கு இது.

சொல்லாக்க முறை

ஆங்கிலம் இச்சொற்களை ஆக்குவதில் சில ஒழுங்குகள் உண்டு. ஒலி ஒருமுறை எழுந்தால் 'க்ராக்'. விறகு எரியும்போது போல விட்டுவிட்டுப் பலமுறை எழுந்தால் 'க்ராக்கிள்'. ஒருமுறை மணி தட்டினால் 'டிங்க்'. தொடர்ந்து கிணுகிணுத்தால் 'டிங்க்கிள்'. முணுமுணுத்தல், உறுமல், கலகலத்தல், கெக்கலித்தல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் பலவும் இந்த 'இள்' ஓசையில்தான் முடிகின்றன. தமிழ் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது: சொல்லையே இரட்டிக்கிறது. சலசல, கிணுகிணு, படபட என்பன இரட்டித்தே நிற்கும், பிரிந்து தனியே வாரா என்ற விதியைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் இரட்டைக்கிளவி என்ற பெயரில் வகுத்துள்ளது. மீண்டும் மீண்டும் எழும் ஒலியைக் காட்டத் தமிழ் வேரை இரட்டித்தது. ஆங்கிலம் வாலை நீட்டியது.

சொல்லின் தொடக்க மெய்களிலும் ஒரு குடும்ப ஒற்றுமை உண்டு. 'ஸ்ன்' என்று தொடங்குபவை மூக்கோடு தொடர்புடையவை என்று மேலே கண்டோம். 'க்ள்' என்று தொடங்கும் 'க்ளிக்', 'க்ளாப்', 'க்ளாங்', 'க்ளாஷ்' ஆகியவை இரு பொருள் மோதும் ஒலிகள். முடிவிலி குறியை 1655இல் கணிதத்துக்குத் தந்த ஜான் வாலிஸ், 1653இல் முதலில் வெளிவந்த தம் ஆங்கில இலக்கண நூலின் பதிப்புகளில் இத்தகைய மெய்த்தொடர்களுக்குப் பொருள் உண்டு என்று பட்டியலிட்டார். கணித அறிஞர் ஒருவர் சொற்களின் ஓசையில் இவ்வளவு கவனம் செலுத்தியது வியப்புக்குரியது. 1930இல் ஜே. ஆர். ஃபர்த் இதற்கு 'ஃபோனெஸ்தீம்' என்ற பெயரைத் தந்தார். அவர் அதற்கு முன் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

உயிரொலியும் சும்மா வருவதில்லை. 'க்ளிங்க்' என்றால் கண்ணாடிக் குவளைகள் இலேசாகத் தட்டும் ஒலி. 'க்ளாங்க்' என்றால் இரும்புச் சங்கிலி. இகரம் சிறியதையும் அகரம் பெரியதையும் காட்டுகின்றன. எட்வர்ட் சபீர் 1929இல் 'மில்', 'மால்' என்ற பொருளற்ற இரு சொற்களைக் கொடுத்து, ஒன்று சிறிய மேசை, மற்றொன்று பெரிய மேசை என்றால் எது எது எனக் கேட்டபோது பெரும்பாலோர் 'மால்' என்பதே பெரியது என்றனர். தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 2001இல் எட்வர்ட் ஹப்பர்டுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வு, கூரிய வடிவத்துக்குக் 'கிக்கி', வளைந்த வடிவத்துக்குப் 'பூபா' என்ற பெயர்களையே மக்களில் பெரும்பாலோர் தேர்வதாகக் காட்டியது. ஒலிக்கும் பொருளுக்கும் இடையே ஏதோ ஓர் இயல்பான பிடிப்பு இருப்பதை இவை உணர்த்துகின்றன.

அறிஞர்களின் வழக்கு

மனிதன் பேசத் தொடங்கியதே ஒலிகளைப் போலச் செய்துதானா என்ற கேள்வி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெரும் வழக்காக நடந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்டர், மொழியின் தோற்றம் பற்றிய 1772ஆம் ஆண்டுக் கட்டுரையில், கத்தும் ஆட்டை மனிதன் அதன் கத்தலாலேயே அடையாளம் கண்டு பெயரிட்டான் என்று விளக்கினார். டார்வினின் உறவினரான ஹென்ஸ்லி வெட்ஜ்வுட், 1859 முதல் வெளியிட்ட தம் சொற்பிறப்பு அகராதியில் ஏராளமான ஆங்கிலச் சொற்களுக்கு ஒலிப் போலியே மூலம் என்றார். சற்று மிகையாகவே சென்றுவிட்டார் எனலாம். இருக்கு வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் 1861இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இக்கொள்கைக்கு 'பவ்-வவ் கொள்கை', அதாவது நாய்க்குரைப்புக் கொள்கை என்று கேலிப் பெயர் சூட்டினார். கேலிப் பெயரே இன்றுவரை பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

1916இல் வெளிவந்த சொசூரின் நூல் இவ்வழக்கில் கடுமையான தீர்ப்பைச் சொன்னது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறியே. ஒலிக்குறிப்புச் சொற்கள் மிகச் சில. அவையும் மொழிக்கு மொழி மாறுபடும். நாய் ஒன்றே ஆனாலும் பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் அது வெவ்வேறு விதமாகக் குரைக்கிறது. சாட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் சாட்டையடி கேட்பதுபோல் தோன்றும். ஆனால் அது பீச் மரத்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது என்று அவர் எடுத்துக்காட்டினார். அவர் கூறியதில் உண்மை உண்டு. ஆனால் தும்மலின் வரலாற்றைப் பார்த்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும். ஒலியைப் பின்பற்றாத வடிவம் ஒன்று பிழையாலோ பழக்கத்தாலோ மாறும்போது, காதுக்குப் பொருந்திய வடிவத்தை மக்கள் கைவிடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தெரிவு இடுகுறி அல்ல.

அன்றாட எழுத்தில்

ஆங்கில ஒலிக்குறிப்பு வினையின் தனித்திறன் ஒன்று உண்டு. அது ஒலியையும் நகர்வையும் ஒரே சொல்லில் அடக்கும். பேருந்து தடதடவென்று தெருவில் ஓடியது என்று தமிழில் எழுதுகிறோம். தடதட என்பது ஒலி, என்று என்பது இணைப்பு, ஓடியது என்பது வினை. ஆங்கிலத்தில் ஓடியது என்ற சொல்லே வேண்டாம். 'ரேட்டில்' என்ற வினையோடு 'டவுன்' என்ற திசைச்சொல்லைச் சேர்த்துப் பேருந்தையும் தெருவையும் இருபுறம் வைத்தால் போதும். கதவு கிரீச்சென்று திறந்தது என்பதும் அவ்வாறே: 'க்ரீக்' என்ற வினையும் 'ஓபன்' என்ற சொல்லும் சேர்ந்தால் வேலை முடிந்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் மாணவர் 'என்று' என்பதற்கு ஆங்கிலத்தில் இடம் தேடித் தவிக்கிறார். கிடைக்காமல் 'சத்தத்துடன்' என்று எழுதிவிடுகிறார். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர் இதற்கு எதிரான தவறைச் செய்கிறார். கிரீச்சென்று என்பதே இருக்கும்போது, கிரீச்சிட்ட ஒலியை எழுப்பியவாறு கதவு திறந்துகொண்டது என்று எழுதுகிறார்.

எனினும் எந்த ஒலி வினையையும் இப்படி நகர்த்திவிட முடியாது. பெத் லெவின், மல்கா ராப்பபோர்ட் ஹோவாவ் ஆகிய மொழியியலார் 1995இல் இதற்கான வரம்பை எடுத்துரைத்தனர். நகர்வதனாலேயே எழும் ஒலியாக இருக்க வேண்டும். வண்டி ஓடுவதால் தடதடக்கிறது, ஆகவே தடதடத்துத் தெருவைக் கடக்கலாம். நாய் ஓடுவதால் குரைப்பதில்லை, ஆகவே அது தெருவைக் 'குரைத்துக் கடக்க' ஆங்கிலம் இடம் தராது. மாணவருக்கு இந்த ஒரு விதி தெரிந்தால் பல பிழைகள் நீங்கும்.

உரையாடலில் 'சொன்னான்' என்பதற்குப் பதிலாகச் சீறினான், உறுமினான், முனகினான் என்று போடும் வழக்கமும் ஆங்கிலக் கதைகளில் மிகுதி. இதை எல்லோரும் விரும்புவதில்லை. அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனர்ட் 2001இல் எழுதிய எழுத்து விதிகளில், உரையாடலுக்குச் 'சொன்னான்' தவிர வேறு வினை கூடாது என்றார். பாம்பின் ஒலி ஓரெழுத்துகூட இல்லாத வாக்கியத்தை ஒருவர் எப்படிச் சீற முடியும் என்ற பழைய கேலியும் உண்டு. லெனர்ட் விதி மிகக் கடுமையானதுதான். ஆனால் பக்கத்துக்குப் பத்துமுறை யாராவது சீறிக்கொண்டிருந்தால் வாசகர் களைப்படைவார் என்பது உண்மை.

செய்தித்தாள் தலைப்புகளில் இவ்வினைகளுக்குத் தனிச் செல்வாக்கு. பத்தியின் அகலம் குறைவு. சொல் குறுகியதாக இருக்க வேண்டும். அடி விழுவது போலவும் இருக்க வேண்டும். கதவை அறைந்து சாத்துவதைக் குறித்த 'ஸ்லாம்', கடுமையாகக் கண்டிப்பதற்கு வந்தது. விரலால் மேசையைத் தட்டும் 'ராப்' இடித்துரைப்பதற்கு வந்தது. வாளோடு வாள் மோதிய 'க்ளாஷ்', இரு கட்சிகளுக்கும் ஒரே நாளில் விழும் இரு தேர்வுகளுக்கும் வந்தது. முழக்கத்தைக் குறித்த 'பூம்', அமெரிக்காவில் 1870களில் வணிகம் செழிப்பதற்கு வந்தது. தமிழ் நாளிதழ்களும் இதில் பின்தங்கவில்லை: விலை 'கிடுகிடு' உயர்வு, பங்குகள் 'மளமள' சரிவு என்று இரட்டைக்கிளவியைத் தலைப்பில் ஏற்றியவை அவை.

படக்கதைகளில் துப்பாக்கிக்கும் குத்துக்கும் பெரிய எழுத்தில் வரும் ஒலிச்சொற்கள் வேறு வகை. ராய் லிச்சன்ஸ்டைன் 1963இல் அப்படியொரு சொல்லையே பெரிய ஓவியமாக்கினார். 1966இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் அவற்றைத் திரையில் பறக்கவிட்டது. அவை காலம் காட்டாத வெற்று ஒலிகள், வினைகள் அல்ல.

இயந்திரங்களின் காலத்தில்

புதிய கருவி வரும்போதெல்லாம் ஆங்கிலம் அதன் ஒலியைப் பிடித்து வினையாக்கியிருக்கிறது. 1923இல் குட்ரிச் நிறுவனம் தன் இரப்பர் காலணிகளுக்கு, அவற்றை மூடும்போது எழும் ஒலியை வைத்து 'ஸிப்பர்' என்று பெயரிட்டது. காலணியின் பெயர் மூடும் பல்வரிசைக்குப் போய், மூடும் செயல் 'ஸிப்' ஆயிற்று. பின்னர் கணினிக் கோப்புகளையும் மக்கள் 'ஸிப்' செய்தனர். அங்கே ஒலி ஏதும் இல்லை. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், வலையில் மற்றொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். நீர்மூழ்கிகளின் சோனார் கருவி அனுப்பும் ஒலியை நினைத்து அதற்குப் 'பிங்' என்று பெயர் வைத்தார். இப்போது அலுவலகங்களில், ஒரு வரி தகவல் அனுப்பு என்பதற்கே 'பிங்' பண்ணு என்கிறார்கள்.

'க்ளிக்' என்ற சொல் 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் உள்ளது. பூட்டு, தந்திக் கருவி, ஒளிப்படக் கருவி என்று கைமாறிச் சுட்டியின் பொத்தானுக்கு வந்து சேர்ந்தது. இந்திய ஆங்கிலத்தில் படம் 'க்ளிக்' செய்வது என்கிறோம். பிரித்தானியர் படம் 'எடுப்பது' என்றே எழுதுவர். கணினித் தமிழுக்குச் சொல் தேடியவர்கள் இதற்குச் 'சொடுக்கு' என்பதைத் தேர்ந்தார்கள். விரலைச் சுண்டும்போது எழும் சிற்றொலியோடு பழகிய சொல் அது. மொழிபெயர்ப்பில் பொருளைப் போலவே ஓசையையும் கொண்டுவந்த நல்ல தேர்வு.

2006இல் தொடங்கிய ட்விட்டர் தளத்தால், குருவியின் ஒலியான 'ட்வீட்' எழுதும் செயலுக்குப் பெயராயிற்று. 2009ஆம் ஆண்டின் சொல்லாக அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் அதைத் தேர்ந்தது. ஒரு சொல் குறைந்தது பத்தாண்டு வழக்கில் இருந்தால்தான் ஏற்பது என்ற தன் நடைமுறையைத் தளர்த்தி, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2013இல் இப்பொருளைச் சேர்த்துக்கொண்டது. தமிழில் இதற்குக் 'கீச்சு' என்று பெயரிட்டார்கள். எழுதுபவர் கீச்சர் ஆனார். 2023 ஜூலையில் அந்தத் தளம் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றிக் குருவிச் சின்னத்தையும் எடுத்துவிட்டது. எக்ஸ் என்ற எழுத்திலிருந்து எந்த வினையும் பிறக்கவில்லை. ஆங்கிலத்தில் பலர் இன்னும் 'ட்வீட்' என்றே எழுதுகிறார்கள். தமிழிலும் கீச்சு போய்விடவில்லை.